வெள்ளை ஒயின் பஞ்ச்: எதை எப்போது போடுவது

முதல் தடவை வெள்ளை ஒயின் பஞ்ச் செய்தபோது எல்லாவற்றையும் முந்தின நாள் ராத்திரியே கலந்து வைத்துவிட்டேன். எதுவும் ஊற ஊற ருசி என்று நம்பிப் பழகிய கை. இரண்டு பாட்டில் ஒயின், வட்டமாக அரிந்த எலுமிச்சையும் ஆரஞ்சும், பச்சை ஆப்பிள், ஸ்ட்ராபெர்ரி, சர்க்கரை, சோடா என்று சகலத்தையும் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மதியம் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மூடியைத் திறந்து பார்த்தால் ஸ்ட்ராபெர்ரியின் சிவப்பெல்லாம் ஒயினுக்குள் இறங்கிப்போய், பழம் வெளுத்து, நனைந்த பஞ்சு மாதிரி கிடந்தது. மேலே மிதந்த ஆப்பிள் துண்டுகளின் ஓரம் பழுப்பேறியிருந்தது. சோடாவில் ஒரு குமிழி கூட மிச்சமில்லை. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஒரு வாய் குடித்ததும் நாக்கின் அடியில் ஒரு கசப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டால் சரியாகும் என்று போட்டேன். கசப்பு அப்படியே இருக்க, இனிப்பு மட்டும் ஏறி, இருமல் மருந்து வாடை வந்துவிட்டது. வந்தவர்கள் மரியாதைக்கு ஆளுக்கு ஒரு கிளாஸ் குடித்தார்கள். இரண்டாவது கிளாஸ் யாரும் கேட்கவில்லை.

கசப்பு எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள எனக்கு இன்னும் இரண்டு கிண்ணம் பிடித்தது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலின் மேல்பரப்பில் இருக்கும் நிறமுள்ள மெல்லிய பகுதியில்தான் வாசனை எண்ணெய் இருக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் வெள்ளைப் பகுதி கசப்பு. விதையும் கசப்பு. வட்டமாக அரிந்து ராத்திரி முழுக்க ஒயினில் போட்டுவைத்தால் ஆல்கஹால் இரண்டையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு வந்துவிடும். அரை மணி நேரம் என்றால் வாசனை. பத்து மணி நேரம் என்றால் கசப்பு. பழமும் அதேதான், பாட்டிலும் அதேதான், கெடுத்தது நேரம் மட்டுமே.

அன்றிலிருந்து நான் அளவை விட நேரத்தைத்தான் கவனிக்கிறேன். இந்தப் பானத்தில் ஒவ்வொன்றுக்கும் உள்ளே போகும் வேளை ஒன்று இருக்கிறது. ஜெர்மானியர்கள் இதை வெகுகாலமாகக் கடைப்பிடித்து வருகிறார்கள். அவர்களுடைய மைபோவ்லே என்ற வசந்தகாலப் பானமும் வெள்ளை ஒயினில் செய்வதுதான். வால்ட்மைஸ்டர் என்ற காட்டுச் செடியின் இலையை அதில் ஊறவைப்பார்கள். பறித்த உடனே அந்த இலையில் பெரிதாக மணம் இருக்காது. சில மணி நேரம் வாடவிட்டால்தான் அதிலுள்ள கூமரின் என்ற வாசனைப் பொருள் மணக்க ஆரம்பிக்கும். வாடிய கொத்தைக் கட்டி, காம்பின் வெட்டுவாய் ஒயினில் படாதபடி தலைகீழாகத் தொங்கவிட்டு, அரை மணி நேரம் போல ஊறியதும் எடுத்துவிடுவார்கள். கூமரின் அதிகமானால் தலைவலி, கல்லீரலுக்கும் ஆகாது. லிட்டருக்கு 3 கிராம் இலை போல என்று ஓர் அளவும் வைத்திருக்கிறார்கள். எதை எவ்வளவு நேரம் உள்ளே விட வேண்டும், எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்பதுதான் அந்தச் செய்முறையின் உயிரே.

இப்போது நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். பன்னிரண்டு பேருக்கு 750 மில்லி பாட்டில் இரண்டு எடுத்துக்கொள்கிறேன். விலை உயர்ந்த ஒயின் வேண்டாம், ஆனால் தனியாக ஒரு கிளாஸ் குடிக்கத் தோன்றுகிற ஒயினாக இருக்க வேண்டும். சோவின்யோன் பிளாங், பினோ கிரிஜியோ, அல்பரீன்யோ, இனிப்பில்லாத ரீஸ்லிங் ஆகிய நான்கும் எனக்கு ஒருமுறையும் ஏமாற்றம் தந்ததில்லை. புளிப்பும் பழவாசனையும் உள்ள ஒயின்கள் இவை. ஓக் பீப்பாயில் வைத்த ஷார்டனே இதற்குச் சேராது. பீப்பாயிலிருந்து வரும் வெண்ணிலா, மரவாசனை எல்லாம் எலுமிச்சையோடு மல்லுக்கட்டும். மொஸ்காட்டோ மாதிரி இனிப்பு ஒயினாக இருந்தால் சர்க்கரையைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு பாட்டிலையும் திறந்ததும் முகர்ந்து பார்த்துவிட்டு ஊற்றுங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் அது கார்க் கெட்ட பாட்டில். பழம் போட்டு அதை மறைக்க முடியாது. அந்த ஒரு பாட்டில் கிண்ணம் முழுவதையும் கெடுத்துவிடும்.

முந்தின நாள் ராத்திரி செய்ய வேண்டியவை இரண்டே இரண்டு. ஒன்று, தோல் சர்க்கரை. மற்றது, ஐஸ்.

தோல் சர்க்கரைதான் இந்தப் பானத்தில் நான் மிகவும் விரும்பிச் செய்யும் வேலை. இரண்டு எலுமிச்சை, ஒரு ஆரஞ்சு. நன்றாகக் கழுவித் துடைத்து, காய் சீவும் பீலரால் மேல்தோலை மட்டும் நீள நீளமாகச் சீவுங்கள். அழுத்தினால் வெள்ளை வந்துவிடும், கையை லேசாக விட வேண்டும். சீவிய தோலைப் புரட்டிப் பாருங்கள். பின்பக்கம் தோலின் நிறம் ஊடுருவித் தெரிந்தால் சரியான கனம். வெள்ளைவெளேரென்று இருந்தால் கத்தியைப் படுக்கவைத்து அந்த வெள்ளையைச் சுரண்டிவிடுங்கள். இந்தத் தோல்களை ஒரு கிண்ணத்தில் போட்டு 100 கிராம் சர்க்கரையைத் தூவி, மத்தால் அல்லது கனமான கரண்டியின் அடியால் அழுத்தித் தேயுங்கள். இரண்டே நிமிடத்தில் சமையலறை முழுக்க எலுமிச்சை வாசனை எழும்பும். மூடி வைத்துவிட்டுப் போய்விடலாம். நாலு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், உலர்ந்து கிடந்த சர்க்கரை ஈர மணல் மாதிரி ஆகி, கிண்ணத்தின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பாகு தேங்கியிருக்கும். சர்க்கரை ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. தோலின் எண்ணெயையும் சாற்றையும் இழுத்து வெளியே கொண்டுவந்திருக்கிறது. தண்ணீரும் இல்லை, அடுப்பும் இல்லை.

பார் நடத்துகிறவர்கள் இதை ஒலியோ சாக்கரம் என்று லத்தீனில் சொல்வார்கள். எண்ணெய்ச் சர்க்கரை என்று பொருள். அந்தச் சாக்கரமும் நம் சர்க்கரையும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள், வடமொழிச் சர்க்கரா கிரேக்கம் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. பஞ்ச் என்ற சொல்லுக்கே ஐந்தைக் குறிக்கும் நம் பஞ்ச என்பதுதான் மூலம் என்று பலரும் சொல்வார்கள். மது, எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், மசாலா என ஐந்து பொருள். அந்தச் சொல் ஆங்கிலத்தில் முதலில் எழுத்தில் பதிவானது 1632ல், கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் ஒருவர் எழுதிய கடிதத்தில். அந்தத் தோல் சர்க்கரைக் கிண்ணத்தின் மேல் குனிந்து முகரும்போதெல்லாம் இந்த இரண்டு சொற்களும் எனக்கு ஞாபகத்துக்கு வரும்.

காலையில் அதே எலுமிச்சைகளைப் பிழிந்து, 60 மில்லி சாற்றை அந்தச் சர்க்கரையில் ஊற்றிக் கலக்கினால் மிச்சமிருக்கும் சர்க்கரையும் கரைந்துவிடும். வடிகட்டித் தோலை எடுத்துவிடுங்கள். இனிப்பு, புளிப்பு, மணம் மூன்றும் இந்த அரை டம்ளரில் வந்துவிட்டன. வட்ட எலுமிச்சைத் துண்டுகள் இனி அழகுக்கு மட்டும், கடைசி நேரத்தில்.

அடுத்தது ஐஸ். சின்னச் சின்னக் கட்டிகளைக் கிண்ணத்தில் கொட்டினால் கொஞ்ச நேரத்திலேயே கரைந்து பானத்தைத் தண்ணீராக்கிவிடும். ஒரே பெரிய கட்டியாக இருந்தால், அதே எடைக்கு வெளிப்பரப்பு குறைவு, மெதுவாகத்தான் கரையும். ஒரு லிட்டர் பிடிக்கும் பாத்திரத்தில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி ராத்திரியே உறையவைக்கிறேன். உறையும்போது தண்ணீர் பத்தில் ஒரு பங்கு போலப் பெருக்கும், அதனால் விளிம்பு வரை நிரப்பக் கூடாது. எடுக்கும்போது பாத்திரத்தின் வெளிப்பக்கம் குழாய்த் தண்ணீரைக் காட்டினால் கட்டி கழன்று வந்துவிடும். கூடவே கால் கிலோ விதையில்லாத திராட்சையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தட்டில் பரப்பி ஃபிரீசரில் வைத்துவிடுவேன். கிளாஸில் ஐஸுக்குப் பதில் இந்தத் திராட்சை. கரைந்தாலும் தண்ணீர் விடாது.

ஒயின் பாட்டிலை மட்டும் ஃபிரீசரில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். 12 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்தாறு டிகிரியிலேயே உறைய ஆரம்பிக்கும், வீட்டு ஃபிரீசர் மைனஸ் 18. எனக்கு ஒருமுறை கார்க் வெளியே தள்ளிக்கொண்டு வந்து, பக்கத்திலிருந்த பட்டாணிப் பொட்டலம் முழுக்க ஒயின் உறைந்து கிடந்தது. அவசரமாகக் குளிர வேண்டுமானால் ஒரு வாளியில் ஐஸும் தண்ணீரும் ஒரு கை உப்பும் போட்டு பாட்டிலைக் கழுத்து வரை அமிழ்த்துங்கள். இருபது நிமிடத்தில் ஜில்லென்று ஆகிவிடும். வெறும் ஐஸுக்கு நடுவில் வைத்தால் பாட்டிலைச் சுற்றிக் காற்றுதான் அதிகம் இருக்கும், தண்ணீர் சேர்ந்தால்தான் குளிர் எல்லாப் பக்கமும் படும்.

இனி பழம். விருந்துக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் இரண்டு பீச், ஒரு பச்சை ஆப்பிள். கெட்டியான சதையுள்ள இவை நேரம் தாங்கும். ஆப்பிளை நறுக்கிய கையோடு அந்த எலுமிச்சைப் பாகில் புரட்டிவிட்டால் கறுக்காது. அவற்றின் மேல் ஒரு பாட்டில் ஒயினை மட்டும் ஊற்றி ஃபிரிட்ஜில் வைக்கிறேன். பீச் அதிகம் கனிந்ததாக இருந்தால் குழைந்து, பானம் கலங்கிவிடும். விரலால் அமுக்கினால் லேசாக மட்டும் இணங்கும் பதம் சரி. அன்னாசி இருந்தால் அதுவும் இந்த நேரத்தில் போகலாம்.

ஸ்ட்ராபெர்ரி பரிமாறுவதற்கு அரை மணி முன்னால்தான். ராஸ்பெர்ரி கிளாஸில் நேராக. புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டி, கடைசி நிமிடத்தில் மேலே போட்டால் போதும். முன்னாலேயே போட்டால் கறுத்து, பச்சை இலைக் கசப்பு இறங்கும். வாழைப்பழம் வேண்டவே வேண்டாம். தர்பூசணி துண்டுகள் பார்க்க ஆசையாக இருக்கும், ஊறினால் தண்ணீர் விட்டுச் சக்கையாகிவிடும்.

ருசி பார்ப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டாவது தடவை நான் அங்கேதான் தவறினேன். ஒயின் அறை வெப்பத்தில் இருந்தபோது கலந்து ருசி பார்த்து, இனிப்பு கூடிவிட்டது என்று எலுமிச்சையை மேலும் மேலும் பிழிந்தேன். குளிர்ந்து வந்ததும் பல் கூசும் புளிப்பு. குளிர் இனிப்பை நாக்குக்குக் குறைத்துக் காட்டும். அதனால் பரிமாறும் குளிர்ச்சியில் வைத்துத்தான் ருசி பார்க்க வேண்டும். சோடாவும் ஐஸும் இன்னும் சேரப்போகின்றன என்பதால் அந்த நேரத்தில் சற்றே தூக்கலாகவே இருக்கட்டும்.

ஆட்கள் உட்கார்ந்த பிறகு இரண்டாவது பாட்டில், ஐஸ் கட்டி, அதற்குமேல் 750 மில்லி நன்றாகக் குளிர்ந்த சோடா. வெதுவெதுப்பான சோடாவை ஊற்றினால் பொங்கி, வாயுவெல்லாம் அப்போதே போய்விடும். குளிர்ந்த திரவம்தான் வாயுவைப் பிடித்து வைக்கும். கிண்ணத்தின் ஓரமாகச் சாய்த்து ஊற்றி, கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு முறை மேலே தூக்கிவிடுங்கள். கடைந்துவிட வேண்டாம். கிண்ணம் கண்ணாடி, பீங்கான், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எதுவானாலும் சரி. செம்பிலும் அலுமினியத்திலும் கலக்காதீர்கள். ஒயினும் எலுமிச்சையும் அமிலம், உலோகம் கரைந்து பானத்தில் சேரும்.

முன்பெல்லாம் இதில் ஆரஞ்சு லிக்கர் என்ற இனிப்பு மதுவும் 90 மில்லி ஊற்றுவேன், நிறைய செய்முறைகளில் அப்படித்தான் இருக்கும். இப்போது விட்டுவிட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்ததுதான் காரணம். 12 சதவீத ஒயின் இரண்டு பாட்டிலில் 180 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது. 40 சதவீத லிக்கர் 90 மில்லி ஊற்றினால் இன்னொரு 36 மில்லி, அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். லிக்கர் இல்லாமல், சோடாவும் சாறும் சேர்ந்து சுமார் 2.4 லிட்டர் பானம், ஆல்கஹால் 7.5 சதவீதம் போல. 150 மில்லி கிளாஸ் பதினாறு வரும். ஆளுக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. பழமும் குளிர்ச்சியும் மதுவின் காரத்தை மறைத்துவிடும் என்பதால், வெயிலில் தாகத்தோடு வருகிறவர்கள் இதை ஜூஸ் மாதிரி மடமடவென்று குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். இதில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் சரியான எண்ணைச் சொல்லும் நிலையில் நான் இருக்க விரும்புகிறேன். பக்கத்திலேயே ஒரு பெரிய ஜக்கில் குளிர்ந்த தண்ணீர் வைப்பேன், வண்டி ஓட்டப்போகிறவர் யார் என்று முதலிலேயே கேட்டுவிடுவேன்.

ஐரோப்பிய ஒன்றியம் 2014ல் கொண்டுவந்த விதியில், இதைப் போலவே ஒயினில் பழம் சேர்த்துச் செய்யும் சங்ரியா என்ற பானத்துக்கு 4.5 சதவீதத்துக்குக் குறையாமல், 12 சதவீதத்துக்குள் ஆல்கஹால் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஸ்பெயின், போர்ச்சுக்கல் இரண்டு நாட்டில் தயாரானதை மட்டும்தான் வெறுமனே சங்ரியா என்று விற்கலாம். சங்ரியா என்ற பெயரில் ரத்தத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் இருக்கிறது, சிவப்பு ஒயினுக்குப் பொருந்தும். வெள்ளை ஒயினில் செய்ததற்கு அந்த விதி கிளாரேயா என்று தனிப் பெயரே வைத்திருக்கிறது.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது தடவை பஞ்ச் பிரமாதமாக வந்தது. எல்லாரும் பேச்சில் இருந்தபோது அக்கா மகள், ஆறு வயது, என் புடவையைப் பிடித்து இழுத்து, "சித்தி, இந்த ஸ்ட்ராபெர்ரி எரியுது" என்றாள். யாரோ குடித்துவிட்டு வைத்த கிளாஸ்களிலிருந்து பழத்தை மட்டும் முள்கரண்டியால் குத்திக் குத்தி எடுத்திருக்கிறாள். மேஜையில் நாலு காலிக் கிளாஸ். எத்தனை துண்டு சாப்பிட்டாள் என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரே ஒரு துண்டுதான், அதையும் துப்பிவிட்டாள் என்பது பத்து நிமிடம் கழித்து நாற்காலிக்கு அடியில் பார்த்தபோது தெரிந்தது. அந்தப் பத்து நிமிடமும் அக்கா ஒன்றும் பேசவில்லை, குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கை நடுங்கியது.

ஊறிய பழத்தில் மது இருக்கிறது. பெரியவர்களுக்கே இது ஞாபகம் இருப்பதில்லை, கிளாஸ் குடித்து முடித்த பிறகு பழத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். குழந்தைகளுக்கோ கொஞ்சம் மதுவே ஆபத்து, அவர்கள் ரத்தத்தில் சர்க்கரை அளவைச் சட்டென்று இறக்கிவிடும். அதனால் இப்போது என் வீட்டில் பெரியவர்கள் கிண்ணம் உயரமான அலமாரி மேல்தான். காலிக் கிளாஸை மேஜையில் விடாமல் நானே சேகரித்துவிடுகிறேன். குழந்தைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேறு நிற ஜக், வேறு பழம். வெள்ளைத் திராட்சைச் சாறு ஒரு லிட்டர், தோல் சர்க்கரைப் பாகில் பாதி அளவு, சோடா அரை லிட்டர். இதில் பீச் மட்டும் போடுகிறேன், அப்போது பெரியவர்கள் கிண்ணத்தில் பீச் கிடையாது, ஆப்பிளும் ஸ்ட்ராபெர்ரியும்தான். எந்தப் பழம் யாருடையது என்று குழந்தைக்குக் கூடச் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முழுத் திராட்சை கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும், நீளவாக்கில் நாலாக நறுக்கிக் கொடுங்கள். உறைந்த திராட்சை அவர்களுக்குக் கூடவே கூடாது.

இந்த இரண்டாவது ஜக் சாதாரணமாக இருந்துவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். குடிக்காதவருக்குக் கலர் சோடாவை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே தோல் சர்க்கரை, அதே கிளாஸ், அதே புதினா.

நறுக்கிய பழம் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது அமெரிக்க வேளாண் துறை, வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். கோடைக்கு அந்த ஒரு மணி நேரக் கணக்குதான் பொருத்தம். கிண்ணத்தைப் பாதிப் பாதியாக நிரப்புங்கள், மீதி ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும்.

மிஞ்சினால் பழத்தை வடித்துவிட்டுத் திரவத்தை மட்டும் மூடி ஃபிரிட்ஜில் வைக்கலாம், மறுநாள் புதிய சோடா சேர்த்துக் குடிக்க நன்றாகவே இருக்கும். பழத்தை நான் கால் மணி நேரம் கொதிக்கவைத்துக் கெட்டியாக்கித் தயிரில் போட்டுச் சாப்பிடுவேன். கொதித்தால் மது முழுக்கப் போய்விடும் என்று முன்பு நினைத்திருந்தேன். அதே வேளாண் துறையின் பட்டியல்படி, 15 நிமிடம் கொதித்த பிறகும் 40 சதவீதம் மிச்சமிருக்கும், ஒரு மணி நேரம் கொதித்தால் கூட 25 சதவீதம். அதனால் அந்த டப்பாவின் மூடியில் "பெரியவர்களுக்கு" என்று எழுதி, மேல் தட்டில் வைத்துவிடுகிறேன்.